ஆணி செருகிய வால்வு

சம்பத்து,

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தந்தி வந்ததும் உன் அம்மாவுக்கோ எனக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் நீ பிரித்திருப்பாய். உள்ளே ஆணியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எழுதியிருந்ததைப் பார்த்துக் குழம்பியும் போயிருப்பாய். நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் நிலைகொள்ளாமல் இருக்கிறேன். இன்றைக்கு வியாழன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுவதும் படி. பாதியில் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிடாதே.

தபால்காரர் உன் கடிதத்தை ஷெட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு லாரியின் அடியிலிருந்து எழுந்து வந்து, கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். அணை வேலையில் உனக்கு ஒப்படைத்த பழைய பட்டாள வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். மேடு பள்ளமெல்லாம் ஏறுகிறது, இஞ்சினோடு பெல்ட் போட்டு கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனால் டேங்கில் காற்று நிற்கவில்லை, பாறையில் டிரில் இறங்கவில்லை, நாலு நாளாக எங்கே ஒழுகுகிறது என்று தேடினேன் என்றெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் அந்த வரி வந்தது. “டேங்க் மேலிருக்கும் சேஃப்டி வால்வுதான் சீறிக்கொண்டே இருந்தது. நைனா, பிச்சாட்டூர் மலையில் நீங்கள் செய்ததுபோலவே தண்டுக்குக் குறுக்கே ஒரு ஆணியைச் செருகிவிட்டேன். சீறல் நின்றுவிட்டது. மேஸ்திரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.” அதற்கு மேல் எழுத்து எனக்குத் தெரியவில்லை. கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதிய தேதியைப் பார்த்தேன். ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாளாக என் மகன் அந்த டேங்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

சட்டைகூட மாற்றாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். ‘வால்வில் இருக்கும் ஆணியை உடனே பிடுங்கு’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, ஆணிதானா, வேறு ஏதாவதா என்று தெலுங்கில் கேட்டார். ஆணிதான், சீக்கிரம் அடியுங்கள் என்றேன். அடித்தார். வெளியே வந்து ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்திருப்பேன். அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, டேங்க் நிறையக் காற்று இருக்கும்போது, நான் சொன்னேன் என்று நீ குனிந்து ஆணியைப் பிடுங்கினால், அடங்கிக் கிடக்கும் தண்டு அந்த ஆணியை உன் கண்ணுக்கே எறியும். என் மகனைக் காப்பாற்ற அனுப்பிய தந்தியில் நானே அவன் கண்ணைக் குத்தச் சொல்லியிருந்தேன். திரும்ப ஓடினேன். இரண்டாவது தந்தி அப்படி வந்ததுதான். இஞ்சினை நிறுத்து, டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திற, காற்று முழுக்கப் போகும்வரை ஆணியைத் தொடாதே, தந்தி கொடு. குமாஸ்தா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்றபடியே அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “இன்னாங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக்கிது? புள்ள இன்னா எழுதிக்கிறான்?” என்றாள். சொன்னேன். “நீங்க பண்ணதத்தானே பண்ணிக்கிறான். அதுக்கு ஏன் இப்படி பதர்றீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அவளுக்கும் உனக்கும் நம் உறவு முழுவதற்கும் நான் அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். உன் சித்தப்பா கல்யாணத்துக்கு நாராயணவனத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆணியால் ஒரு நாள் முழுக்கக் கம்ப்ரசரை ஓட்டினேன் என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும், எல்லாரும் சிரித்ததும், எனக்கு எதிரில் உட்கார்ந்து நீயும் சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிச்சப் பாதியை இந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக உன் அம்மாவுக்குச் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

எல்லை பிரிக்கிற வேலை நடந்த காலம் அது. எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போகும் என்பதெல்லாம் மேலே பேசி முடித்துவிட்டு, காகிதத்தில் போட்ட கோட்டைத் தரையில் காட்ட ஆட்களை அனுப்பினார்கள். வயலில் கல் நட்டார்கள். பாறையில் கல் நட முடியாது என்பதால் துளை போட்டுக் குறி வைக்க வேண்டும். ஒரு காண்டிராக்டர் பட்டாள ஏலத்தில் எடுத்த வண்டியில் கம்ப்ரசரைப் பொருத்தி அந்த வேலைக்கு விட்டிருந்தார். வண்டி ஓட்டுவதும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. டிரில் பிடிப்பவன் பெஞ்சமின். சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவன், என் வயதுதான். பாறையைப் பார்த்தாலே எங்கே இறங்கும், எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுவான். பாலசமுத்திரத்தில் நம் ஆட்கள் என்னைப் பார்த்து, “நீயே ஓட்டை போட்டு எங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிட்டியேபா” என்று கேலி பண்ணுவார்கள். அதைக் கேட்டு அதிகம் சிரித்தவன் பெஞ்சமின்தான். ஒரே பானைச் சோற்றைத் துன்னு, ஒரே கூடாரத்தில் படுத்து, ஏழு மாதம் ஒன்றாக இருந்தோம்.

பிச்சாட்டூருக்கு மேலே மலையில் பன்னிரண்டு பாறைகள் பாக்கி இருந்தபோது கம்ப்ரசர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் ஐம்பது பவுண்டுக்கு மேல் ஏறவில்லை. ஆனால் சேஃப்டி வால்வு சீறிக்கொண்டே இருந்தது. அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடுகிற வால்வு அது, தொண்ணூறில்தான் திறக்க வேண்டும். ஐம்பதிலேயே திறக்கிறதென்றால் வால்வுதான் கெட்டுவிட்டது, அந்த வழியாகத்தான் காற்றெல்லாம் போகிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் வேலை நின்றது. வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் வந்து கத்தினார். “ரேபு பெத்தவாள்ளு வஸ்தாரு. நாளைக்கு ரெண்டு கவர்மென்டு ஆளுங்களும் வராங்கய்யா. பன்னெண்டு பாறையும் அதுக்குள்ள முடிஞ்சாகணும்” என்றார். புது வால்வு வேண்டும் என்றேன். மெட்ராசிலிருந்து வர வேண்டும், உனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூக்கிவிட்டது. எனக்குத் தெரியாதது ஒன்று உண்டா என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு ஆணியை எடுத்து வால்வுத் தண்டுக்குக் குறுக்கே செருகி மடக்கினேன். சீறல் நின்றது. டிரில் பாறையில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பெஞ்சமின் கீழேயிருந்து, “இன்னா டிரைவரே, மந்திரம் போட்டியா?” என்று கத்தினான். வால்வைத் தட்டிச் சரிபண்ணிவிட்டேன் என்று சொன்னேன். ஆணி என்று சொல்லவில்லை.

நான் பந்தியில் சொன்ன கதை இங்கேதான் முடியும். ஒன்பது பாறை முடிந்தது என்பதும் உண்மைதான். பத்தாவது பாறையில் டிரில் ஊசி மாட்டிக்கொண்டது. அதை எடுக்கிற வரைக்கும் டிரிலுக்குக் காற்றுப் போகவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சமின் வேறு ஊசி எடுக்க வண்டிக்கு வந்தான். நான் முன்பக்கம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்ன சத்தம் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் சத்தம் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. கீழே கிடந்தேன். எழுந்து பார்த்தால் டேங்கின் ஒரு பக்கத்து மூடி இல்லை. பெஞ்சமின் பத்தடி தள்ளி மல்லாந்து கிடந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கையாகவே இல்லை. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பத்து, இந்த இடத்தை நான் உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்து சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். நான் முதலில் அவனிடம் போகவில்லை. டேங்கிடம் போனேன். வால்வு அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணியை நிமிர்த்திப் பிடுங்கி, புதருக்குள் வீசினேன். அதற்குப் பிறகுதான் பெஞ்சமினிடம் ஓடினேன். பத்து மூச்சு விடுகிற நேரம் இருக்கும். நான் யார் என்பதை அந்தப் பத்து மூச்சில் தெரிந்துகொண்டேன். பிறகு நான் செய்ததெல்லாம் நல்லவன் செய்வதுதான். என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன், தோளில் போட்டு மலையிறங்கினேன், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன், அவன் மனைவி எஸ்தருக்கு ஆறுதல் சொன்னேன். எஸ்தர் என் காலில் விழப் பார்த்தாள்.

விசாரணை வந்தது. டிரில் பிடிப்பவன் காற்றுக் குழாயை மூடிவிட்டு முள்ளைக் கவனிக்காமல் விட்டதால் டேங்க் வெடித்தது என்று ஓவர்சியர் எழுதினார். அவருக்கு ஆணி தெரியாது. ஆனால் அவசரப்படுத்தியது தெரியும், அதனால் யார்மேலாவது போட வேண்டியிருந்தது. சாட்சியாக என் கையெழுத்தைக் கேட்டார். போட்டேன். பெஞ்சமினுடைய தப்பு என்று ஆகிவிட்டதால், கை போனதற்கு அவனுக்கு வர வேண்டிய உதவி எதுவும் வரவில்லை. வேலையும் போனது. ஒரு மாதம் கழித்து, எடுத்து வைத்திருந்த கேஜை சித்தூரில் ஒரு டயர் கடையில் நல்ல கேஜோடு சேர்த்துப் பொருத்திப் பார்த்தேன். நல்லதில் நூறு ஏறியபோது இதில் ஐம்பத்தைந்து காட்டியது. வால்வு கெட்டிருக்கவில்லை, தொண்ணூறில்தான் திறந்திருக்கிறது. பொய் சொன்னது முள். பொய் சொன்னதை நம்பி, உண்மை சொன்னதன் வாயில் ஆணி அடித்திருக்கிறேன். இது தெரிந்த பிறகும் நான் யாரிடமும் போகவில்லை. அடுத்த வருடமே பந்தியில் உட்கார்ந்து அந்த ஆணியைப் பற்றிப் பெருமை பேசினேன். எப்படி முடிந்தது என்று கேட்காதே. முதல் பாதியைச் சிரித்துச் சிரித்துச் சொன்னால் இரண்டாம் பாதி நடக்காததுபோல் எனக்கே இருந்தது.

புதன்கிழமை காலையில் உன் தந்தி வந்தது. இஞ்சின் நின்றது, காற்றுப் போனது, ஆணி எடுத்தாயிற்று என்று படித்ததும் உன் அம்மா தந்தியை என் கையிலிருந்து வாங்கி மறுபடி என்னைப் படிக்கச் சொன்னாள். மூன்று தடவை படித்தேன்.

இப்போது உன் வண்டியைச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் சரியாகவில்லை. முதலில் கேஜைக் கழற்றி, நம்பிக்கையான ஒன்றோடு ஒத்துப்பார். முள்ளை நம்பலாமா என்று தெரிந்த பிறகுதான் ஒழுகல் இருக்கிறதா என்றே உனக்குத் தெரியும். முள் சரியாக இருந்தால், டேங்கைப் பாதி அழுத்தத்துக்கு நிரப்பி, இஞ்சினை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் பார். முள் இறங்கினால் ஒழுகல் உண்டு. சோப்பை நன்றாகக் கரைத்து, துணியால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவு. ஹோஸ் மாட்டுகிற இடம், செம்புக் குழாய் வளைகிற இடம், டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கிற குழாய், கேஜின் கழுத்து எல்லாவற்றையும் பார். காட்டில் குலுங்கி ஓடுகிற வண்டியில் செம்புக் குழாய்தான் முதலில் விரிசல் விடும், ஒரு மயிர் அளவுதான் இருக்கும். நுரை ஊதிக் காட்டிவிடும். நுரை எங்கேயும் ஊதவில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால், கம்ப்ரசர் காற்று இழுக்கிற வாயில் காதை வை. அங்கே சீறினால் டேங்கிலிருந்து காற்று திரும்பாமல் தடுக்கிற வால்வில் அழுக்கு. கழற்றித் துடை. எதை இறுக்குவதானாலும் காற்றை வெளியே விட்டுவிட்டு இறுக்கு. சேஃப்டி வால்வு குறித்த அழுத்தத்துக்கு முன்னாலேயே சீறுகிறது என்று உறுதியானால் புதியது வரும்வரை வண்டியை நிறுத்து. குறித்த அழுத்தத்தில்தான் சீறுகிறது என்றால் அது ஒழுகல் இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது. அந்த டேங்கையும் அழுத்தம் தாங்குமா என்று பார்க்காமல் மறுபடி ஓட்டாதே, ஐந்து நாள் அது என்ன பாடு பட்டது என்று வெளியே தெரியாது. மேஸ்திரி கத்துவார். கத்தட்டும். உனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்வார். சொல்லட்டும். ஆமாம் தெரியாது என்று சொல்லிவிடு.

உன் தந்தியை மடித்து வைத்துவிட்டு உன் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். “இவ்ளோ நாளு அந்த மனுசன் நாமளே தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சிக்கினு இருக்கிறாரு இல்ல. போய் சொல்லிட்டு வாங்க. சொல்லாம சோறு கேக்காதீங்க.” சித்தூருக்கு பஸ் ஏறினேன். பெஞ்சமின் இப்போது அவர்கள் சபைக் கோயிலைத் திறந்து, பெருக்கி, பூட்டுகிற வேலை பார்க்கிறான். நான் போனபோது இடது கையால் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். “இன்னா டிரைவரே, இவ்ளோ தூரம்?” என்று சிரித்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்திலிருந்து ஆரம்பித்து ஆணியைப் பிடுங்கி எறிந்ததுவரை. ஒரு காது கேட்காது என்பதால் இரண்டு இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னேன்.

“பையன் நல்லாக்கிறானா?” என்று கேட்டான்.

“நல்லாக்கிறான். தந்தி வந்துச்சி.”

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். துடைத்த துணியைப் பக்கத்தில் வைத்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். “அந்தக் கொழாயத் தொறந்து வச்சனா, மூடி வச்சனான்னு தெனம் யோசிப்பேன் டிரைவரே. தொறந்துதான் வச்சேன்னு தோணும். எல்லாரும் மூடிட்டேன்னு சொல்றாங்களே, அப்ப நாந்தான் மறந்துட்டேன்னு நெனப்பேன். ஜெபம் பண்றப்பகூட அதே நெனப்பு. நாலு வருசம் என் கையையே நான் நம்பல.” அப்போது எஸ்தர் உள்ளே வந்தாள். “நீயே சொல்லு அவகிட்ட. நான் சொன்னா நம்பமாட்டா” என்றான். அவளுக்கும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. “ஆஸ்பத்திரியில இவருக்குக் கஞ்சி ஊட்டினீங்களே. அந்தக் கையாலயா?” என்று மட்டும் கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். பெஞ்சமின் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நீயும் அவன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதிக் கொடு என்றான். விசாரணை நடந்த ஆபீசில் பழைய அறிக்கை இன்னும் இருக்கிறது, அதோடு இதையும் சேர்த்து வைக்கட்டும் என்றான். நாளை பதினோரு மணிக்கு நானும் அவனும் சித்தூரில் அந்த ஆபீசுக்குப் போகிறோம். என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஜெயிலில் போடுவார்களா என்று உன் அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். உன் வண்டியைச் சரியாகப் பார்.

நேற்றே அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எஸ்தர் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். இப்படிப்பட்ட காகிதங்களில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதேபோல எழுதினேன். முடித்ததும் பெஞ்சமின் வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே இடது கை விரலை வைத்து, உதட்டுக்குள் படித்தான். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. “சேஃப்டி வால்வில் ஆணி வைக்கப்பட்டிருந்தது” என்று எழுதியிருந்தேன்.

“வைக்கப்பட்டிருந்ததுன்னா, யாரு வச்சது?” என்று கேட்டான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தாளை என் பக்கம் நகர்த்தினான். அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே, “நான் வைத்தேன்” என்று எழுதினேன். அவன் விரலை எடுத்து அடுத்த வரியில் வைத்தான்.

உன் நைனா